நகத்தைக் கீறுற ஊசி

மவனுக்கு உங்கம்மா எழுதிக்கிறது. நலமா இருக்கியான்னு கேக்கப் போறதில்ல. ஏழு மாசப் பொண்டாட்டி வளைகாப்பு போடாமலே தாய் வூட்டுல போயி குந்திக்கினு இருக்கிறப்ப, புருஷன்காரன் ஓட்டல் பரோட்டாவைத் துன்னுட்டு நலமா இருக்கான்னா அவன் மனுஷனே இல்ல. இதெல்லாம் போன்லயே சொல்லியிருக்கலாம். சொன்னா நீ நடுவுல பூந்து பேசுவ, நானும் விட மாட்டேன், அப்பால யாரு முதல்ல போனை வச்சதுன்னு அதுக்கு ஒரு சண்டை. லெட்டருன்னா நீ வாயை மூடிக்கினுதான் படிச்சாவணும். படிச்சிட்டு மடிச்சு ஒளிச்சு வைக்கவும் வேணாம். உன் கூட வேலை செய்யறவனுங்க படிச்சாலும் சரி, ஒதியம்பட்டுல உன் வூட்டு ஓனரம்மா படிச்சாலும் சரி, உறுவையாத்துல நம்ம தெருவே கூடிப் படிச்சாலும் சரி. இதுல நான் சொல்லப் போறது நாலு பேரு முன்னால நான் பேசுன ஒரு பேச்சைப் பத்தி. அதுக்குப் பதிலும் நாலு பேருக்குத் தெரியத்தான் இருக்கணும்.

போன வாரம் போன் பண்ணி இன்னா சொன்னன்னு உனக்கு ஞாபகம் இருக்குதா? புது மிஷினு வேஸ்ட்டு, தையலு விட்டு விட்டு விழுது, நூலு அந்து போவுது, வித்துடலாம்னு ஆரம்பிச்ச. அப்பால மிஷினு வேஸ்ட்டுங்கிறது மெதுவா நிர்மலா வேஸ்ட்டுன்னு ஆச்சு. வயிறு பெருத்து எந்தத் துணியும் பத்தலன்னு அந்தப் பொண்ணு பனியன் துணி வாங்கி வந்து தனக்கு ஒரு நைட்டி தைச்சிக்கப் பாத்திருக்குது. தையல் விழல. அதுக்கு தொரை நீ இன்னா சொல்லியிருக்க? அவ தாய்மாமன் ஸ்கூட்டர் சீட்டுக்குக் கவரு தைச்சுப் பொழைக்கிறாருன்னு, 'சீட்டு கவரு வம்சத்துக்கு நைட்டி தைக்க வருமா'ன்னு கேட்டிருக்க. அதோட விட்டியா? அவ தாய்மாமன் வளைகாப்புத் தட்டைத் தூக்கிக்கினு உன் வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு வேற சொல்லியிருக்க. அந்தப் பொண்ணு ஒரு பையில ரெண்டு துணியை அடைச்சிக்கினு பாகூர் பஸ்ஸு ஏறிடுச்சு. நாலு வருஷம் கழிச்சு வயித்துல ஒண்ணு தங்கியிருக்குது, அதைத் தூக்கிக்கினு பஸ்ஸுல நின்னுக்கினு போச்சோ, யாராவது எடம் குடுத்தாங்களோ, அது கூட உனக்குத் தெரியாது. இதை நீ என்கிட்ட பெரிய சாமர்த்தியம் மாதிரி சொல்லிக்கினு போற, நானும் எல்லாத்துக்கும் 'ம்' கொட்டிக்கினு இருந்தேன். போனை வச்சதுக்கு அப்பாலதான் எனக்குச் சோறு எறங்கல.

மறுநாளு காலையில நீ வேலைக்குப் போன அப்பால உன் வூட்டுக்கு வந்தேன், ஓனரம்மாதான் சாவி குடுத்தாங்க. நீ இதை இதுவரைக்கும் கண்டுபிடிக்கல, அந்த அழகுல வூட்டைப் பாத்துக்கிற. மிஷினு மேசை மேலயே இருந்துச்சு. அந்தப் பொண்ணு எந்த எடத்துல எழுந்து போச்சோ அந்த எடத்துலயே துணி கெடந்துச்சு, பாதி தைச்ச தோள்பட்டை இன்னும் மிஷினு காலுக்கு அடியிலதான். நான் மிஷினைத் தொடவே இல்ல. ஊசியைத்தான் கழட்டினேன். கழட்டி வெளிச்சத்துல பாத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. பதினெட்டாம் நம்பரு. பக்கத்துலயே பாக்கெட்டு, இன்னும் நாலு ஊசி மிச்சம். வாங்கினது யாரு? நீதான். வாங்கின அன்னைக்கே எனக்கு போன்ல காட்டுன, 'பெரிய நம்பரா பாத்து வாங்கினேம்மா, ஸ்ட்ராங்கா இருக்கும்'னு. அப்ப நான் கண்ணாடி போடல, நானும் சரிதான்டான்னுட்டேன். பெரிய நம்பரு வாங்கறதுக்கு அது இன்னா செருப்பா?

உங்களுக்கெல்லாம் ஊசின்னா ஒரே ஊசிதான். கடையில போயி 'மிஷினு ஊசி ஒரு பாக்கெட்டு குடு'ன்னு கேக்கறவன், மருந்துக் கடையில போயி 'ஒரு மாத்திரை குடு'ன்னு கேக்கறவன் மாதிரிதான். எதுக்கு மாத்திரைன்னு மருந்துக் கடைக்காரனாவது கேப்பான், ஊசிக்காரன் அதையும் கேக்க மாட்டான். போன்ல தையல் சொல்லிக் குடுக்கற மகராசிங்களும் அப்படித்தான், ஜாக்கெட்டு முதுகுல எத்தினி ஜன்னல் வைக்கலாம்னு ஒரு மணி நேரம் பேசுவாளுங்க, ஊசியைப் பத்தி மூச்சு விட மாட்டாளுங்க. என் வயித்துல பொறந்துட்டு நீயும் அந்தக் கூட்டத்துல சேந்துட்ட. சொல்றேன், கேட்டுக்கோ. ஊசியை வாங்கினா முதல்ல அதோட தண்டைப் பாக்கணும், மேல மிஷினுக்குள்ள சொருவுற பக்கம். வூட்டு மிஷினு ஊசிக்குத் தண்டுல ஒரு பக்கம் சீவின மாதிரி தட்டையா இருக்கும். கம்பெனி மிஷினு ஊசிக்கு சுத்தி உருண்டையா இருக்கும். அது இதுக்கு ஆவாது, இது அதுக்கு ஆவாது. உன் வெள்ளை மிஷின்ல தட்டைப் பக்கம் பின்னால பாக்கணும், என் பழைய கறுப்பு மிஷின்ல எடது பக்கம் பாக்கணும். திருப்பிப் போட்டுட்டு மிஷினைத் திட்டறவங்களை நான் எத்தினி பேரைப் பாத்திருக்கேன் தெரியுமா, மெக்கானிக்கைக் கூட்டியாந்து காபி வாங்கிக் குடுத்து, அவன் ஊசியைத் திருப்பிப் போட்டுட்டு ரிப்பேருன்னு கூலி வாங்கிக்கினு போவான்.

அப்பால நம்பரு. பாக்கெட்டு மேல தொண்ணூறு கோடு பதினாலு, நூறு கோடு பதினாறுன்னு ரெண்டு ரெண்டா போட்டிருப்பான். பயப்படாத, ரெண்டும் ஒரே தடிமன்தான், அளக்கற கணக்குதான் வேற. நம்பரு ஏற ஏற ஊசி தடிக்கும். ஒம்பதும் பதினொண்ணும் பட்டுக்கு, மெல்லிசுத் துணிக்கு. பதினாலு சாதா காட்டனுக்கு, பதினாறு பேண்ட்டுத் துணிக்கு. பதினெட்டு ஜீன்ஸுக்கும் கித்தானுக்கும் ரெக்சினுக்கும். அதைக் கொண்டாந்து பனியன் துணியில குத்தினா தையலா விழும்? ஓட்டைதான் விழும். நம்பரு சரியா இருந்தாலும் போதாது, மொனையையும் பாக்கணும். நெசவுத் துணிக்குக் கூர் மொனை. பனியன் துணி நெசவு இல்ல, கண்ணி கண்ணியா பின்னினது. கூர் மொனை போனா கண்ணியைக் குத்தி அறுத்துடும், இல்லன்னா துணியையும் சேத்து இழுத்துக்கினு கீழ போயி தையலை விட்டுடும். அதுக்கு மொனை லேசா உருட்டினாப்புல ஒரு ஊசி இருக்குது, பால் பாயின்ட்டுன்னு கேட்டா குடுப்பான். அது கண்ணியைக் குத்தாது, ஒதுக்கிட்டு நடுவால போவும். நான் வில்லியனூர் கடைத்தெருவுக்கு நடந்து போயி பால் பாயின்ட்டுல பதினாலு வாங்கியாந்து மாட்டினேன். வேஸ்ட்டுன்னியே, அந்த மிஷினு கிர்ருன்னு ஓடுச்சு. ஒரு தையல் விடல. பகல் சாப்பாட்டுக்குள்ள அந்த நைட்டியை நானே முடிச்சு, கையில எடுத்துக்கினு வூட்டைப் பூட்டிட்டு வந்துட்டேன்.

இத்தோட முடிச்சிருந்தா நீ தப்பு, நான் ஒழுங்குன்னு ஆயிருக்கும். எனக்கும் அது சௌகரியமாத்தான் இருந்திருக்கும். ஆனா பஸ் ஸ்டாப்புல நின்னுக்கினு இருக்கிறப்ப எனக்கு ஒண்ணு தோணுச்சு. ஊசி தப்பா இருந்ததுக்கு அந்தப் பொண்ணோட வம்சத்தை இழுத்தியே, இதை நீ எங்க கத்துக்கின? உங்கப்பா இருந்த வரைக்கும் ஒருத்தரை ஒரு சொல்லு சொன்னவரு கெடையாது. வேற யாரு கத்துக் குடுத்திருப்பா, நான்தான்.

உன்னைப் பள்ளிக்கூடத்துல சேத்த வருஷத்துலேருந்து நான் ஒரு துணிக் கம்பெனியில ரெண்டு வருஷம் வேலை செஞ்சேனே, அங்க ஒரு சட்டம் இருந்துச்சு. ஊசி உடைஞ்சா மிஷினை நிறுத்தணும். உடைஞ்ச துண்டு எத்தினி இருந்தாலும் எல்லாத்தையும் தேடி எடுத்து, ஒரு பேப்பர்ல வச்சு, ஒட்டி, ஊசி முழுசா இருக்குதான்னு காட்டணும். காட்டினாத்தான் புது ஊசி குடுப்பாங்க. ஒரு துணுக்கு காணோம்னா அந்த எடத்துல இருக்கிற துணியெல்லாம் ஒதுக்கிடுவாங்க, எந்த ஊருக் கொழந்தை உடம்புல குத்துமோன்னு. நாங்கள்லாம் மண்டி போட்டுக்கினு காந்தத்தை வச்சு தரையெல்லாம் தேடுவோம். இத்தினூண்டு இரும்புக்கு இம்மாம் ஆட்டமான்னு நான் உள்ளுக்குள்ள சிரிப்பேன். வூட்டுல வந்து தனியா தைக்க ஆரம்பிச்ச அப்பால எனக்கு யாரு சட்டம் போடுறது? ஒரு ஊசியை உடையற வரைக்கும் ஓட்டுறவதான் கைகாரி, மாத்தி மாத்திப் போடறவ தைக்கத் தெரியாதவன்னு நானே ஒரு சட்டம் வச்சிக்கினேன். அதை வர்றவ போறவகிட்ட பீத்திக்கவும் செஞ்சேன்.

உன் கல்யாணத்துக்கு நிர்மலாவோட மாமன் ஏழுமலை ஒரு அரக்குப் பட்டு எடுத்துக் குடுத்தாரு. தாய்மாமன் பட்டு, பொண்ணழைப்புக்குக் கட்டுறதுக்கு. என் மருமவளுக்கு வெளியாளு ஜாக்கெட்டு தைக்கறதா, குடுங்க நானே தைக்கிறேன்னு ரொம்பப் பெருமையா வாங்கிக்கினு வந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தைக்கிறேன், சனிக்கிழமை காலையில தட்டுல வச்சு அனுப்பியாவணும். லைனிங்கைச் சேத்துக் குத்தி வச்சிருந்த குண்டூசி மேல மிஷினு ஊசி ஏறிடுச்சு. டக்குன்னு ஒரு சத்தம். உடையல, அதான் கேடு. உடைஞ்சிருந்தா எடுத்துப் போட்டிருப்பேன். அப்பால ஒவ்வொரு குத்துக்கும் டொக்கு டொக்குன்னு கேக்குது. துணிக்குள்ள ஊசி போறப்ப அப்படிக் கேட்டா மொனை மடங்கிடுச்சுன்னு அர்த்தம், இது எனக்குத் தெரியாதா? கழட்டி கட்டைவிரல் நகத்துல இழுத்துப் பாத்தேன். கீறுச்சு. நல்ல ஊசி வழுக்கிக்கினு போவும், மொனை மடங்கினது நகத்தைக் கீறும். பதினொண்ணாம் நம்பருல அதுதான் கடைசி ஊசி. பெட்டியில மீதி இருந்ததெல்லாம் பதினாறு.

வெள்ளிக்கிழமை. விளக்கு வேற வச்சாச்சு. விளக்கு வச்ச அப்பால ஊசியைக் கடையிலயும் குடுக்க மாட்டாங்க, அக்கம் பக்கத்துலயும் குடுக்க மாட்டாங்க, வூட்டு லட்சுமி போயிடும்பாங்க. இதை நான் நல்ல சாக்கா வச்சிக்கினேன். நெசத்துல நான் யாரையும் கேக்கவே இல்லடா. கேட்டா 'தையக்காரி வூட்டுல ஊசி இல்லியா'ன்னு ஒருத்தி சிரிச்சிருப்பா. அந்த ஒரு சிரிப்புக்குப் பயந்து அந்த ஊசியையே திரும்ப மாட்டினேன். தெரிஞ்சேதான் மாட்டினேன். தையல் போன வழியெல்லாம் பட்டு இழையை இழுத்து இழுத்து, ரெண்டு பக்கமும் கோடு கோடா ஆயிடுச்சு. அயர்ன் பாக்ஸை வச்சு அழுத்தினேன், மடிப்பை உள்பக்கமா திருப்பினேன், மஞ்சள் குங்குமத்தோட தட்டுல வச்சு அனுப்பிட்டேன். அந்த ஊசியை மட்டும் ஒரு பழைய மாத்திரை டப்பாவுல போட்டு மிஷினு பெட்டிக்குள்ள வச்சேன். குப்பையில போட்டா யாரு கால்லயாவது ஏறும்னு வச்சதாத்தான் அன்னைக்கு நெனச்சிக்கினேன்.

பொண்ணழைப்பு அன்னைக்கு மண்டபத்து ரூம்புல உன் மாமியா அந்த ஜாக்கெட்டைத் தூக்கிக்கினு என்கிட்ட வந்தாங்க. சத்தம் போடல, பாவம், மெதுவாத்தான் கேட்டாங்க, இன்னா சம்மந்தியம்மா இது இப்படி இழுத்துக்கினு இருக்குதேன்னு. சுத்தி நம்ம சனம் இருவது பொம்பளைங்க. நான் ஒரு நொடி யோசிச்சிருப்பேனா? யோசிக்கல. 'நான் இன்னா பண்றது, பட்டு மட்டம். சீட்டு கவரு தைக்கிற கை பட்டு எடுக்கப் போனா இப்படித்தான் இருக்கும்'னேன். ரெண்டு பேரு சிரிச்சாங்க. ஏழுமலை அப்ப வாசப்படியிலதான் சீர்த்தட்டோட நின்னுக்கினு இருந்தாரு. தட்டைக் கீழ வச்சிட்டு வந்து ஜாக்கெட்டை வாங்கினாரு. டியூப் லைட்டுக்குக் கீழ புடிச்சுப் பாத்தாரு, தையல் மேல விரலை வச்சு ஒரு தடவை ஓட்டினாரு. மடிச்சு தங்கச்சி கையில குடுத்துட்டு, 'ஆமா சம்மந்தியம்மா, கடைக்காரன் ஏமாத்திட்டான்'னாரு. அவ்வளவுதான். எனக்கு அன்னைக்கு அவரு மேல வந்த எளக்காரம் இருக்குதே. நாள் முழுக்க ஊசியோட பொழைக்கிறான், ஊசி பண்ணின வேலையைக் கண்டுபிடிக்கத் தெரியல பாரு மடையனுக்குன்னு நெனச்சேன்.

அப்பால நடந்தது உனக்கே தெரியும். பொண்ணு போற வூட்டுல முதல் நாளே மானத்தை வாங்கிட்டியேன்னு உன் மாமியா அண்ணன்கிட்ட பேச்சை விட்டாங்க. நாலு வருஷமா அந்த வூட்டு நல்லது கெட்டது எதுலயும் அவரு இல்ல. நான் நிறுத்தினேனா? தீபாவளிக்கு அவங்க வூட்டுலேருந்து துணி வந்தா 'சீட்டு கவரு எடுத்ததா'ன்னு கேப்பேன். நிர்மலா ஒரு பட்டன் தைச்சா 'ரெக்சினுக்குத் தைக்கிற மாதிரி இருக்குது'ன்னு சொல்லுவேன். நீ சிரிப்ப. சிரிச்சுச் சிரிச்சு உனக்கு அது பழகிப் போச்சு. போன வாரம் நீ அவளைச் சொன்னதுல ஒரு வார்த்தை கூட உன்னுது இல்லடா, எல்லாம் நான் ஊட்டினது. அதுக்காக நீ யோக்கியன்னு ஆயிடாது. பச்சைப் புள்ளையா நீ, ஊட்டினதையெல்லாம் துன்றதுக்கு?

அன்னைக்கு மத்தியானமே கரிக்கலாம்பாக்கத்துல பஸ்ஸு மாறி பாகூருக்குப் போனேன். வழியில நம்ம வூட்டுல எறங்கி அந்த மாத்திரை டப்பாவையும் எடுத்துக்கினேன். உன் மாமியா வூட்டுக்கு முதல்ல போகல, ரோட்டோரம் இருக்கிற அவரு கடைக்குத்தான் போனேன். சிமெண்டு ஷீட்டு போட்ட கடை, வெளிய ரெண்டு ஸ்கூட்டர் சீட்டு காயுது. என்னைப் பாத்ததும் எழுந்து ஸ்டூலைத் தொடைச்சுப் போட்டாரு. நான் குந்தல. குந்தினா பேச்சு மாறிடும்னு பயம். டப்பாவைத் திறந்து ஊசியை ரெக்சின் மேல வச்சேன், ஊசியைக் கையில குடுத்தா சண்டை வரும்பாங்களே, கீழ வச்சுத்தான எடுத்துக்கணும். வச்சிட்டு, 'உங்க பட்டு நல்ல பட்டு. என் ஊசிதான் மொனை மடங்கினது, தெரிஞ்சேதான் தைச்சேன்'னேன். அவரு ஊசியை எடுத்து நகத்துல ஒரு இழுப்பு இழுத்துட்டு, திரும்ப டப்பாவுலயே போட்டாரு. அவரு மூஞ்சியில கோவமும் இல்ல, ஆச்சரியமும் இல்ல.

'தெரியும் சம்மந்தியம்மா'ன்னாரு. இழை தையல் ஓரத்துல மட்டும்தான் இழுத்திருந்துச்சாம். பட்டு மட்டமா இருந்தா வேற எடத்துலயும் விட்டிருக்குமாம். டியூப் லைட்டுக்குக் கீழ புடிச்சப்பவே பாத்துட்டாராம். அப்பறம் ஏன் கடைக்காரன் மேல போட்டீங்கன்னு கேட்டேன். அவரு கைவேலையைப் பாத்துக்கினேதான் சொன்னாரு: 'பட்டு மட்டம்னா நான் ஒருத்தன் தலை குனிஞ்சா போதும். தையல் மட்டம்னு அன்னைக்குச் சொல்லியிருந்தா, அந்தப் பொண்ணு உங்க வூட்டுல தெனம் தலை குனியணும்.'

படிச்சியா? இன்னொரு தடவை படி. நான் மடையன்னு நெனச்ச மனுஷன், கூடப் பொறந்தவ பேச்சு போனாலும் போவட்டும்னு வாயை மூடிக்கினு நாலு வருஷம் இருந்திருக்காரு, அந்தப் பொண்ணு நம்மகிட்ட நல்லா வாழணும்னு. நாம இன்னா பண்ணினோம்? அவரு எதுக்குப் பயந்தாரோ அதைத்தான் தெனம் பண்ணினோம். அவரு குனிஞ்சதும் வீணாப் போச்சு, அவளையும் குனிய வச்சோம். கைகாரியாம் கைகாரி. த்தூ. கம்பெனியில ஒரு துணுக்கு ஊசிக்கு மண்டி போட்டுத் தேடினவ, முழு ஊசியை நாலு வருஷம் டப்பாவுல போட்டு மூடி வச்சிருந்தேன். எனக்கே என்னைப் பாத்தா கூசுது.

அங்கேருந்து உன் மாமியா வூட்டுக்குப் போனேன். அவரு கூட வரல, கூப்பிடாத வூட்டுக்கு எப்படி வருவாரு. கூடத்துல நின்னுக்கினே எல்லாத்தையும் சொன்னேன். உன் மாமியா எனக்கு ஒரு வாய் தண்ணி குடுக்கல. அது நியாயம். கேட்டு முடிச்சதும் செருப்பு கூட போடாம தெருவுல எறங்கிக் கடைப்பக்கம் வெடுவெடுன்னு நடந்தாங்க. அண்ணனும் தங்கச்சியும் அங்க இன்னா பேசினாங்கன்னு நான் போயி பாக்கல, அது எனக்கு உரிமை இல்லாத எடம். நிர்மலா கால் வீங்கிக் கெடக்குது. முந்தாநாளுதான் பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரிக்குப் போயி காட்டிட்டு வந்துச்சாம், கொழந்தை நல்லா இருக்குதாம். நைட்டியைக் குடுத்தேன். உள்பக்கம் திருப்பிப் பாத்துது. தையலை விரலால இழுத்து விட்டுப் பாத்துட்டு, 'பால் பாயின்ட்டா அத்தை? அதான் வாங்கியாரச் சொன்னேன் அவர்கிட்ட'ன்னு சொல்லுச்சு. ஏன்டா, இதை நீ என்கிட்ட சொல்லவே இல்லியே? அந்தப் பொண்ணு மாமன் கடையில வளந்த பொண்ணு, எந்தத் துணிக்கு எந்த ஊசின்னு அதுக்குத் தெரிஞ்சிருக்குது. பேரைச் சொல்லி அனுப்பியும் இருக்குது. தொரைதான் பெரிய நம்பரு பாத்து வாங்கிக்கினு வந்திருக்கீங்க. அப்பால தைக்க வரலன்னு அதோட வம்சத்தை வேற பேசியிருக்கீங்க.

வூட்டுக்கு வாம்மான்னு நான் கூப்பிடல. எந்த மூஞ்சியை வச்சிக்கினு கூப்பிடுவேன்? நான் எழுந்தப்ப அதுவே சொல்லுச்சு. 'அவரு வந்து முதல்ல எங்க மாமாவைக் கூப்பிடட்டும் அத்தை. நான் அப்பறமா வரேன்.' கோவமா சொல்லல. கோவமா சொல்லியிருந்தா சமாதானம் பண்ணிடலாம்னு தைரியமா இருந்திருப்பேன். அது நெதானமா சொல்லுச்சு, அதான் எனக்குப் பயமா இருக்குது. நீ போகலன்னா அந்தக் கொழந்தை பொறக்கறதும் பேரு வைக்கறதும் பாகூர்லயே நடந்துடும், நம்ம ரெண்டு பேரையும் சேதி சொல்லிக் கூப்பிடுவாங்க, வெளியாளுங்களைக் கூப்பிடற மாதிரி.

இந்த லெட்டரோட ஒரு அட்டையில ரெண்டு ஊசி குத்தி அனுப்பியிருக்கேன். நகத்துல இழுத்துப் பாரு. ஒண்ணு வழுக்கிக்கினு போவும், அது நீ வாங்கின பதினெட்டு. அதுல ஒரு கொறையும் இல்ல, புத்தம் புதுசு, போன எடம்தான் தப்பு. நகத்தைக் கீறுறது என்னுது. அதை நீயே வச்சிக்கோ. யார் வூட்டுத் துணியையாவது மட்டம்னு சொல்ல வாய் வர்றப்பல்லாம் எடுத்து ஒரு தடவை இழுத்துக்கோ.

பதினெட்டு பாக்கெட்டை எடுத்துக்கினு பாகூருக்குப் போ. அவரு மிஷினும் என்னுது மாதிரி பழைய கறுப்பு மிஷினுதான், தட்டைத் தண்டு ஊசிதான் போடறாரு. ரெக்சினுக்கு அது ஆவும். முறைக்கு அவரு உனக்குப் பெரியப்பா, நாலு வருஷமா நீ அந்த வார்த்தையை ஒரு தடவையும் சொன்னதில்ல. பெரியப்பா, வளைகாப்புக்குத் தட்டை நீங்கதான் எடுத்துக்கினு வரணும்னு கடை வாசல்ல நின்னு, ரோட்டுல போறவன் வர்றவன் காதுல விழற மாதிரி கேளு. நாள் கிழமை பாக்காத. உனக்கு ஆறு மணிக்குத்தான் வேலை முடியுதுன்னா முடிச்சிட்டே போ. வெள்ளிக்கிழமையா இருந்தாலும் சரி, விளக்கு வச்சிருந்தாலும் சரி. ஊசியைக் கீழ வச்சு எடுத்துக்கச் சொல்லாத, அவரு கையிலயே குடு. ஊசியால வர வேண்டிய சண்டையெல்லாம் நம்ம வூட்டுல வந்து முடிஞ்சிடுச்சு.